கேரித் தீவின் தென்வானமும் தொலைநோக்கியின் பூர்வ சரித்திரமும்

கிள்ளான் துறைமுகத்திற்குத் தெற்கே, ஒருபுறம் லங்காட் ஆறும் மறுபுறம் மலாக்கா நீரிணையும் சூழ்ந்துகொள்ள, கடல்மட்டத்திற்கு மிக அணித்தாய்த் தாழ்ந்து கிடக்கும் கேரித் தீவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் செம்பனைத் தோட்டங்களையும், பூர்வகுடிகளான மா மெரி மக்களின் மரமுகமூடிகளையும், பாட்டாளிகளாய் அங்கே வந்து சேர்ந்த தமிழர்களின் வாழ்க்கையையும் எடுத்துச் சொல்வது இயல்பு. அத்தீவுக்கு மற்றொரு செல்வமும் உண்டு. அது அதன் வானம். பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று பாகைக்குள் அடங்கிய அந்த இடத்தில், துருவ நட்சத்திரம் அடிவானத்தின் மங்கலிலேயே கரைந்து கண்ணுக்குத் தென்படாமல் போக, அதற்கு ஈடாகத் தென்வானம் ஏறத்தாழ முழுமையாகத் திறந்து கிடக்கிறது. மே மாதத்தின் நடுவில், இரவு பத்து மணியளவில், ஒருவர் நேர் தெற்கே நோக்கினால், நம் முன்னோர் திரிசங்கு என்று கதை சொல்லிக் காட்டிய தென்சிலுவை 27 பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்பதையும், அப்படியே திரும்பி வடக்கே நோக்கினால் சப்தரிஷி மண்டலம் கவிழ்ந்து தொங்குவதையும் ஒரே வேளையில் காணலாம். சென்னையில் அதே திரிசங்கு 17 பாகைக்கு மேல் எழுவதில்லை. மாடிகளும் மரங்களும் புழுதியும் அதை விழுங்கிவிடுகின்றன. தொலைநோக்கியைக் கையில் எடுத்து வானத்தைப் பார்க்கத் தொடங்கும் ஒரு தமிழருக்கு இதைவிட உகந்த இடம் வாய்ப்பது அரிது என்பதும், அப்படித் தொடங்குகிறவர் தென்வானத்தை நோக்கியே தொடங்க வேண்டும் என்பதும், அந்தத் தொடக்கத்திற்குத் தமிழகத்துக் கடற்கரையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பூர்வ சரித்திரம் ஒன்று உண்டு என்பதுமே நான் இங்கே சொல்ல விரும்புவன.

தீவின் பெயர் எட்வர்ட் வாலண்டைன் ஜான் கேரி என்ற ஆங்கிலத் தோட்டத் துரையிடமிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் அவர் அந்நிலத்தைப் பெற்று, கண்டல் காட்டை அழித்துத் தோட்டமாக்க முற்பட்டார். அதற்கு நெடுங்காலம் முன்பே மா மெரி மக்கள் அக்கரைகளில் வாழ்ந்து வந்தார்கள். இன்றும் சுங்கை பும்புன் கிராமத்தில் அவர்களுடைய சிற்பக்கலை உயிரோடிருக்கிறது. கடல்நீர் உள்ளே ஏறாதபடி கரையணைகள் கட்டி, வாய்க்கால்கள் வெட்டி, சதுப்பைச் சாகுபடி நிலமாக்கிய உழைப்பில் தமிழர்க்கும் பெரும்பங்கு உண்டு. கங்காணிகள் மூலம் ஊர் ஊராக ஆள் திரட்டி மலாயாவுக்கு அனுப்பிய அந்த முறை, இந்திய அரசாங்கம் 1938இல் உடலுழைப்புக்கான குடிபெயர்வைத் தடை செய்யும் வரையில் நீடித்தது.

மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கும் வானத்துக்கும் இருந்த உறவு, ஓய்வு நேரத்து வேடிக்கையாக ஏற்பட்டதன்று. அது வேலையின் நிர்ப்பந்தத்தால் விளைந்தது. பால்மரம் எனப்பட்ட ரப்பர் மரத்தின் பட்டைக்குள் ஓடும் குழல்களில் நீரழுத்தம் இரவு முழுவதும் ஏறி, வெயில் எழுமுன் உச்சத்தில் நிற்கிறது. ஆதலால் அந்த வேளையில் சீவினால்தான் பால் தாராளமாக வடியும். இந்தத் தாவர சாஸ்திர உண்மையை முன்னிட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்து மக்கள் அனைவரும் இருளிலேயே எழுந்து, சோற்றைக் கட்டிக்கொண்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கணக்கரான கிராணி பெயர் கூப்பிடக் காத்திருக்க வேண்டியவர்களானார்கள். கடிகாரம் துரை பங்களாவிலும் ஆபீசிலும் இருந்தது. லயத்தில் விடிவெள்ளி இருந்தது. கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு மீன்கள் எந்த மாதத்தில் விடியலில் தலைகாட்டும், எந்த மாதத்தில் மாலையிலேயே கிழக்கே ஏறிவிடும் என்பதைக் கிராமத்தில் உழவுக்காகக் கற்றவர்கள், கடல் கடந்த பிறகு பெரட்டுக்காக நினைவில் வைத்திருந்தார்கள். மலாய்க் குடியானவர்களும் அதே கூட்டத்தைப் பார்த்தே நெல் நாற்றுக்கு நாள் குறித்து வந்தார்கள் என்பது கருதத் தக்கது.

1910ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஹாலி வால்நட்சத்திரம் உலகம் முழுவதையும் கலக்கியபோது, அது நெடுநாள் தோன்றியது விடியற்காலைக் கீழ்வானத்தில். 1965 அக்டோபர் பிற்பகுதியில் சூரியனை உராய்ந்து திரும்பிய இக்கேயா–செக்கி வால்நட்சத்திரம், நீண்ட வாலை நிமிர்த்திக்கொண்டு நின்றதும் விடியற்காலையிலேதான். நகரவாசிகளில் பெரும்பாலோர் உறங்கும் அந்நேரத்தில் திறந்த வெளியில் விழித்து நின்றவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்களே ஆகையால், இவ்விரண்டு அற்புதங்களையும் கண்டிருக்கக்கூடிய முதற்கண்கள் அவர்களுடையவை என்று கொள்வதில் தவறில்லை. ஆனால் அவர்கள் கண்டது வெறுங்கண்ணால். கண்ணுக்கும் வானத்துக்கும் இடையே ஒரு வில்லையை வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு ஏன் வாய்க்கவில்லை என்பதை அறிய வேண்டுமானால், வங்கக் கடலைக் கடந்து புதுச்சேரிக்கும் சென்னைக்கும் போக வேண்டும்.

தமிழர்களுடைய வான சாஸ்திரம் நீண்ட காலமாகக் கணக்காகவே வளர்ந்தது. பஞ்சாங்கக்காரர் ஆகாயத்தை அண்ணாந்து பாராமலே, வாக்கியங்களாக மனப்பாடம் செய்த எண்களைக் கொண்டு, சந்திரன் எந்நாளில் எந்த ராசியில் எத்தனையாவது பாகையில் நிற்கும் என்று சொல்லவல்லவர். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காக இந்தியாவுக்குப் புறப்பட்ட பிரெஞ்சு விஞ்ஞானி லெ ஜான்டீல், 1761இல் நடுக்கடலில் சிக்கிக்கொண்டு தவறவிட்டு, எட்டாண்டு கீழ்த்திசையிலேயே காத்திருந்து, 1769இல் புதுச்சேரியில் மேகம் மறைத்ததால் மறுபடியும் தவறவிட்டார். அவருடைய துரதிருஷ்டம் உலகறிந்தது. அவர் அங்கே தங்கியிருந்த காலத்தில் தமிழ்ச் சோதிடர்களின் கணித முறையைச் சிரத்தையோடு கற்றார் என்பதை அறிந்தவர் குறைவு. 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொல்ல, ஐரோப்பாவில் அப்போது சிறந்தவையென்று போற்றப்பட்ட தோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 விநாடி கூட்டிச் சொல்லின என்று அவர் பதிவு செய்தார். பின்னர் ஜான் வாரன் என்ற படை அதிகாரி, புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஏடும் எழுதுகோலுமின்றி, 1825ஆம் ஆண்டு மே மாத முடிவில் நேரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை எழுதி வைத்தார். அக்கணக்கு உண்மையிலிருந்து ஒரு மணி நேரம்கூடப் பிசகவில்லை. மனப்பாடத்தையும் சோழியையும் மட்டுமே நம்பிய ஒரு மரபு அத்தனை தூரம் வந்ததை நான் வியப்போடு வணங்குகிறேன். எனினும், கணக்குப் பிசகும்போது அதைத் திருத்த வேண்டிய கண், அதாவது இடையறாத உற்றுநோக்கல், அந்த மரபில் மெலிந்துவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

தொலைநோக்கி நெதர்லாந்தில் 1608இல் வெளிப்பட்டது. மறு ஆண்டே கலிலியோ அதை வானத்துக்குத் திருப்பினார். 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு சந்திரர்களைக் கண்டார். அவர் கையிலிருந்த கருவி, இன்று கடைகளில் சிறுவர்களுக்கென்று விற்கப்படும் நல்ல தொலைநோக்கியைவிடத் தாழ்ந்தது. தென்வானத்தை நோக்கித் தொலைநோக்கி திரும்பிய வரலாறு வேறொரு வழியாக வருகிறது. அவ்வழி நம் நீரிணையின் அண்டையிலேயே செல்கிறது. பிரான்சின் அரசர் பதினான்காம் லூயி, சயாம் நாட்டு மன்னர் நாராயிடம் அனுப்பிய ஏசு சபைப் பாதிரிமார்கள் கணிதமும் வானியலும் கற்றவர்கள். அவர்களில் முதற் குழுவினர் 1685இல் நன்னம்பிக்கை முனையில் தங்கியபோது, தென்சிலுவையின் அடிமீன் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார்கள். அடுத்த குழுவில் வந்தவர் ழான் ரிஷோ. 1688இல் சயாமில் அரசு கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில், அப்போது தோன்றியிருந்த ஒரு வால்நட்சத்திரத்தைப் பன்னிரண்டு அடி நீளமுள்ள தொலைநோக்கியால் பின்தொடர்ந்துகொண்டிருந்தவர், அதனருகே சென்டாரஸ் மண்டலத்தின் பிரகாசமான மீனையும் பார்த்தார். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த ஆல்பா சென்டாரி, வில்லையின் வழியே இரண்டு மீன்களாகப் பிரிந்து நின்றது. சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் தொகுதி அதுவே என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. தமிழ் மண்ணில் தொலைநோக்கி கொண்டு செய்யப்பட்ட முதற் கண்டுபிடிப்புகளில் ஒன்று, இன்று எந்தச் சிறு கருவிக்கும் எட்டும் எளிய காட்சியாக இருக்கிறது என்பது தொடங்குகிறவர்களுக்கு உற்சாகமூட்ட வேண்டும்.

இன்னொரு செய்தியும் அவர்களுக்கு உற்சாகமூட்டும். 1751ஆம் ஆண்டு முதல் இரண்டாண்டு நன்னம்பிக்கை முனையில் தங்கிய லகாய் என்ற பிரெஞ்சு அபே, ஏறத்தாழ 10,000 தென்விண்மீன்களின் இடங்களை அளந்து பட்டியலிட்டார். அந்த மகத்தான காரியத்துக்கு அவர் கையாண்டது அரையங்குல விட்டமுள்ள வில்லை. அது எட்டு மடங்கே பெருக்கிக் காட்டியது. பெயரில்லாத தென்வானப் பகுதிகளுக்கு அவர் புராண வீரர்களின் பெயரைச் சூட்டாமல், பெரும்பாலும் விஞ்ஞானத்துக்கும் கலைக்கும் உரிய கருவிகளின் பெயரைச் சூட்டினார். தொலைநோக்கி என்றே ஒரு மண்டலம். கண்ணருகு வில்லைக்குள் மீனின் இடத்தை அளக்க உதவும் நூல்வலைக்கு ஒரு மண்டலம். அந்த நூல்வலை மண்டலத்தில்தான், நூறாண்டுக்குப் பிறகு, தென்னாட்டவர் ஒருவரின் கண் பதியவிருந்தது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி 1786இல் தம் சொந்தச் செலவில் தொடங்கிய வானாய்வுச் சாலை, பின்பு கம்பெனியின் வசமாகி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் பெற்றது. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நாட்டப்பட்ட கருங்கல் தூணில், பல மொழிகளோடு தமிழிலும் வாசகம் பொறித்தார்கள். நிலத்தை அளக்கவும், கப்பல்களுக்கு நேரம் சொல்லவும், தீர்க்கரேகை நிர்ணயிக்கவும் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. 1822இல் அங்கிருந்து புறப்பட்ட குழுவொன்று, பூமியின் வடிவத்தை அறியும் பொருட்டு ஊசலைச் சுமந்துகொண்டு, சுமத்திராவின் மேற்குக் கரையை அடுத்துப் பூமத்திய ரேகையை ஒட்டிய சிறுதீவு ஒன்றில் தங்கி ஆராய்ந்தது. 1861இல் நார்மன் போக்ஸன் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ஆசியா என்ற பெயர் அமைந்தது. பல்லாண்டுப் பதிவேடுகளை நிரப்பிய உழைப்பில் நம்மவர்கள் இருந்தார்கள். பெயர்கள் பெரும்பாலும் நிற்கவில்லை. நின்ற பெயர் ஒன்று உண்டு.

சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே வானாய்வுச் சாலையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, முதல் உதவியாளரானார். 1867இல் நூல்வலை மண்டலத்திலுள்ள ஒரு மீன் சிலகாலம் ஒளிர்ந்தும் சிலகாலம் மறைந்தும் வருவதை அவர் கண்டார். ஆர் ரெட்டிகுலி என்று பெயர் பெற்ற அது, சுமார் 280 நாட்களில் பொங்கித் தணியும் ஒளிமாறும் விண்மீன். 1868 ஆகஸ்டு 18ஆம் நாளின் பூரண சூரிய கிரகணத்தை ஆராயத் தனிக் குழுவொன்றை நடத்திக்கொண்டு வனபர்த்திக்குச் சென்றார். 1872இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, அந்நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை எழுதி நாட்டு மொழிகளில் வெளியிட்டார். 1880இல் காலமானார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது அவர் பஞ்சாங்கத்தில் செய்த காரியத்தை. வானத்தில் உண்மையாகக் கிரகங்கள் நிற்கும் இடத்துக்கும் பழைய வாக்கியங்கள் சொல்லும் இடத்துக்கும் ஏற்பட்டிருந்த வேற்றுமையைத் தொலைநோக்கியின் முன் நாள்தோறும் கண்டவர் அவர். கண்டதை மறைக்காமல், உற்றுநோக்கலுக்கு ஒத்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு, தம் குலத் தொழிலைத் தம் அலுவலகக் கருவியால் திருத்தினார். பண்டிதர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. இன்றைக்கும் கிள்ளான் தெங்கு கிளானா வீதியிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஆண்டுப் பிறப்புக்கு முன் பஞ்சாங்கம் வாங்கப் போகிறவர்கள், வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்தக் கேள்விக்குள் நுங்கம்பாக்கத்துத் தூணும் இரகுநாதாச்சாரியாரின் இரவுகளும் அடங்கியிருக்கின்றன.

பிற்காலத்துச் செய்திகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1899இல் வானாய்வு கோடைக்கானலுக்கு மாறியது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு பாயும் இயக்கத்தை அங்கே கண்டறிந்தார். வானியலாளர் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து ஆய்வகம் அமைத்ததற்குத் தென்வானம் அங்கிருந்து நன்கு எட்டும் என்பதும் ஒரு காரணம். 2.3 மீட்டர் ஆடி கொண்ட பெரும் தொலைநோக்கி அங்கே 1986இல் திறக்கப்பட்டது. இத்தனை பெருமைக்கும் நடுவே ஒரு குறை நின்றது. தொலைநோக்கி என்பது சர்க்கார் சுவருக்குள் இருக்கும் பொருள், சம்பளம் பெறும் அறிஞர் தொடும் பொருள் என்ற எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. கடல் கடந்து தோட்டத்துக்கு வந்தவர்கள் தெய்வங்களைக் கொண்டுவந்தார்கள். கூத்தையும் பறையையும் பஞ்சாங்கத்தையும் கொண்டுவந்தார்கள். தொலைநோக்கியைக் கொண்டுவர அவர்களுடைய கிராமத்திலேயே அது இருந்ததில்லை.

அந்தச் சுவரை உடைத்தவர்களில் ஒருவர் துறவி என்பது எனக்கு மிகுந்த திருப்தி தரும் செய்தி. ஜான் டாப்சன் 1944இல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் சேர்ந்து இராமகிருஷ்ண மடத்துத் துறவியாக வாழ்ந்தவர். கப்பல் சாளரங்களின் பழைய கண்ணாடியைக் கையால் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, மரப்பலகையால் செய்த சுழற்பெட்டியில் நிறுத்தி, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் சனியையும் சந்திரனையும் காட்டினார். இந்தப் பற்றினால் 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. மறு ஆண்டு தெருவோர வானியல் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய எளிய பீடமே டாப்சன் பீடம் என்ற பெயரில் இன்று உலகெங்கும் புதியவர்களின் முதற் கருவியாகி, பெரிய ஆடியைச் சாமானியரின் கைக்கு எட்டச் செய்திருக்கிறது.

கேரித் தீவுக்கும் அதுவே பொருத்தம் என்பது என் தீர்ப்பு. அதற்குப் பூகோளமே காரணம். துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டிய சாய்வுப் பீடம் குளிர்நாடுகளுக்கென்று உண்டானது. நம் பூமியில் அதன் அச்சு ஏறத்தாழத் தரைக்கு இணையாகப் படுத்துவிட வேண்டும். மலிவான பீடங்கள் பல அவ்வளவு தூரம் தாழ்வதில்லை. தாழ்ந்தாலும் எதிர்ப்பளுக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். குறிவைக்கத் துருவ நட்சத்திரமோ கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் இடவலமும் மேல்கீழுமாக மட்டும் அசையும் பீடமே நமக்குச் சௌகரியம். சில நூறு ரிங்கிட்டே செலவிட இயல்பவர்கள் 70 மில்லிமீட்டர் வில்லையுடைய கருவியோடு தொடங்கலாம். கூட்டாகப் பணம் சேர்க்க இயல்பவர்கள் ஆறங்குல ஆடியுள்ள டாப்சன் கருவியை வாங்குவது நலம். பெட்டியின் மேல் அறுநூறு மடங்கு என்று அச்சிட்டு விற்பதை நம்பக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதே உருவம் கலங்காமல் தாங்கும் எல்லை. பெருக்கத்தின் கணக்கும் எளிது. கருவியின் குவியத்தூரம் 900 மில்லிமீட்டரும் கண்ணருகு வில்லையின் குவியத்தூரம் 25 மில்லிமீட்டரும் ஆனால், ஒன்றை மற்றொன்றால் வகுத்து 36 மடங்கு என்று அறியலாம். தொடக்கத்தில் எப்போதும் குறைந்த பெருக்கமே துணை. பகல் வெளிச்சத்திலேயே தொலைவிலுள்ள ஒரு கம்பத்தின் முனையையோ துறைமுகப் பாரந்தூக்கியையோ பெரிய குழாயின் நடுவில் நிறுத்தி, உடன் வரும் சிறு குறிநோக்கியும் அதே புள்ளியைக் காட்டுமாறு திருகுகளைச் சரிசெய்து வைத்துவிட்டால், இரவில் தேடும் துன்பம் பாதி குறையும். சூரியனை மட்டும், குழாயின் முகப்பை மூடும் உரிய வடிகட்டியின்றி, ஒரு கணமும் நோக்கலாகாது. பார்வை போனால் திரும்புவதில்லை.

பூமத்திய ரேகையை அடுத்த இடத்துக்குச் சில விசேஷங்கள் உண்டு. கிரகங்கள் செல்லும் பாதை ஏறக்குறையத் தலைக்கு நேர்மேலே போகிறது. வியாழனும் சனியும் காற்றின் அடர்த்தி குறைந்த உச்சியில் நின்று தெளிந்த உருவம் தருகின்றன. ஆனால் சரியாக உச்சியில் நிற்கும் பொருளைத் தொடர்வது டாப்சன் பீடத்துக்குச் சிரமம்; சற்று இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்நாட்டின் கடிகாரம் பலமுறை மாற்றப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் டோக்கியோ நேரமே ஓடியது. 1982 ஜனவரி முதல் நாள் தொடங்கி, கிரீன்விச்சுக்கு எட்டு மணி முந்திய இன்றைய நேரம் நடக்கிறது. கிள்ளானில் சூரியன் காட்டும் நேரத்தைவிட இது ஏறக்குறைய 74 நிமிடம் முந்தியது. ஆதலால் நூல்களில் எட்டு மணிக்கு என்று சொன்ன காட்சி நமக்கு ஒன்பதேகாலுக்கு அமையும்.

ஈரப்பதம் பெரிய எதிரி. வில்லைகளில் பூசணம் படர்ந்தால் எளிதில் போகாது; பார்த்து முடித்ததும் துடைத்து உலரவிட்டு, ஈரம் உறிஞ்சும் மணிப் பைகளோடு காற்றுப்புகாப் பெட்டியில் வைக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை குறைந்த காலமாயினும், 1997இலும் 2015இலும் நேர்ந்ததுபோலச் சுமத்திராவிலிருந்து வரும் புகைமூட்டம் வானத்தை மூடிவிடக் கூடும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடியும் மழையும் கொட்டித் தீர்ந்தபின் சில இரவுகளில் கழுவிவிட்டாற்போல் வானம் தெளியும். அந்த இரவுகளை விடக் கூடாது. தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி பெற்று, கரையணைப் பக்கத்துத் திறந்த வெளியைத் தேர்ந்துகொள்வது முறை.

எதைப் பார்ப்பது? முதல் சில மாலைகள் சந்திரனுக்குரியவை. பௌர்ணமியன்று அல்ல, ஏழாம் எட்டாம் பிறைகளில், ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டருகே குழிகளின் விளிம்புகள் எழுந்து நிற்கும் நாட்களில். பிறகு தெற்கே திரும்ப வேண்டும். பிப்ரவரி நடுவில் இரவு பத்து மணிக்கு அகத்தியர் நட்சத்திரம் 34 பாகை உயரத்தில் நிற்கிறது. மே மாதத்தில் சிலுவையின் அடிமீனை நல்ல பெருக்கத்தில் பார்த்தால், 1685இல் பாதிரிமார் கண்ட இரட்டை தெரியும். அச்சிலுவையின் கிழக்கு மீனுக்குப் பக்கத்திலேயே, லகாய் பட்டியலிட்ட நகைப்பெட்டி என்னும் சிறு மீன்கூட்டம். ஜூன் தொடக்கத்தில் இரவு பத்து மணிக்கு ஏறத்தாழ 40 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி நிற்கிறது. லட்சக்கணக்கான சூரியன்கள் திரண்ட அந்தக் கோளக் கூட்டம் சிறு வில்லையில் மங்கிய பஞ்சாகவும், ஆறங்குல ஆடியில் பொடிமணல் தூவினாற்போலவும் தோன்றும். ஜூன் நடுவில் அதே வேளையில் 26 பாகை உயரத்தில் ஆல்பா சென்டாரி. ரிஷோ புதுச்சேரியில் அதை 17 பாகைக்கும் தாழ்வாகவே பார்க்க முடிந்தது. அவ்விரு மீன்களும் ஏறக்குறைய 80 ஆண்டுக்கொரு முறை ஒன்றையொன்று சுற்றிவருவன. 2016 வாக்கில் 4 விகலை (பாகையின் மிக நுண்ணிய பகுதி) அளவுக்கு நெருங்கியிருந்தவை இப்போது விலகி வருகின்றன. 2029 அளவில் 10 விகலைக்குச் சற்று மேலாக அகன்று, மிகச் சிறிய கருவிக்கும் தெளிவாகப் பிரியும்.

தொலைநோக்கி இந்தப் பிரதேசத்துக்கு அந்நியமானதும் அன்று. ஆற்றுக்கு அப்பால், பண்டைய மாலுமிகளுக்கு நீரிணையில் திசைகாட்டிய ஜுக்ரா குன்றில், இஸ்லாமிய மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் பிறை காணக் கருவிகளோடு அதிகாரிகள் கூடுகிறார்கள். கோலாலம்பூரில் 1994இல் தேசியக் கோளரங்கம் திறக்கப்பட்டது. 2019 டிசம்பர் 26ஆம் நாள் கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் யாழ்ப்பாணத்திலும் வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணம், அதே நிழற்பாதையில் வந்து ஜொகூரின் தஞ்சோங் பியாயிலும் வளையமாகத் தெரிந்தது. மூன்று நாட்டுத் தமிழரும் அன்று ஒரே நிழலின் கீழ் நின்றார்கள்.

கேரித் தீவின் இருள் நிலையானதன்று. வடக்கே இந்தா தீவில் வெஸ்ட்போர்ட் துறைமுகத்தின் விளக்குகள் அப்பக்கத்து வானத்தை ஏற்கனவே வெளுக்கச் செய்துவிட்டன. தீவிலேயே ஒரு பெருந்துறைமுகம் எழுப்பும் யோசனையும் சில ஆண்டுகளாக அவ்வப்போது பேசப்பட்டு வருகிறது. தென்திசை இன்னும் ஓரளவு இருண்டிருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு மனமுவந்து கொடுக்கும் கிள்ளான் வட்டாரத்து அன்பர்களையும், தோட்டத்தில் பிறந்து நகரத்தில் நிலைபெற்றுவிட்ட பழைய மாணவர்களையும், தீவின் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்து, அதைக் கையாளத் தெரிந்த ஆசிரியர் ஒருவரையும் பழக்கி, வருகிற ஜூன் மாதத்துக்குள் பிள்ளைகளைக் கரையணைக்கு அழைத்துச் சென்று ஆல்பா சென்டாரியைக் காட்டுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.